ஊரணிக்கரை வீடு: நன்கொடையால் தீராது, அளந்தால் தீரும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தேவகோட்டை வட்டத்தில் உள்ள எங்கள் ஊரில், ஊரணியின் மேல்கரையை ஒட்டிய மனையில் வெளிநாட்டில் வேலை பார்க்கும் ஒருவர் வீடு கட்டத் தொடங்கியதால் எழுந்த தகராறு, இரு தரப்பும் முகம்கொடுத்துப் பேசாத நிலைக்கு வந்துவிட்டது. பட்டா நிலத்தில் கட்டுவதை யார் தடுப்பது என்கிறார் அவர். கரையோரம் கடைக்காலே தோண்டக் கூடாது என்கிறார்கள் ஊரார். கரையைப் பற்றியே பேசி, ஊரணிக்கு மழைநீர் கொண்டுவரும் வரத்துக்காலை இருவரும் மறந்துவிட்டார்கள் என்பதே என் வருத்தம்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் பொட்டலிலிருந்து வரும் தண்ணீர், இந்த மனையின் வடக்கு ஓரமாகத்தான் ஊரணியில் இறங்குகிறது. செம்புறாங்கல் பாவிய அந்தக் காலின் வாயருகே ஒரு குழி உண்டு. கலங்கி வரும் தண்ணீர் வண்டலை அதில் விட்டுவிட்டு உள்ளே போகும். மனையை மேடாக்கக் கொட்டிய மண் அக்குழியை மூடிவிட்டது. திறந்த கால் இருந்த இடத்தில் இப்போது ஒரு சிமெண்டுக் குழாய்தான் புதைந்து கிடக்கிறது. சருகும் சேறும் அடைத்துக்கொண்டால் தூர்வார வழியில்லை, ஊரணி வறண்டு கிடக்க, பின்தெரு வீடுகளுக்குள் தண்ணீர் ஏறும்.

கோயில் திருப்பணிக்கு ஒரு தொகை வாங்கிக்கொண்டு விட்டுவிடலாம் என்று பெரியவர்கள் சிலர் பேசுவது எனக்குச் சிறிதும் ஏற்புடையதல்ல. பஞ்சாபில் ஊர்க்குளத்தைத் தூர்த்து வீடு கட்டியவர்களிடம் நிலத்தின் விலையை வாங்கிக்கொண்டு விட்டுவிடலாம் என்ற முடிவை, 2011-இல் உச்ச நீதிமன்றம் ஜக்பால் சிங் வழக்கில் ஏற்க மறுத்தது. பொதுநீருக்கு விலை பேச ஊர்க் கூட்டத்துக்கும் உரிமையில்லை.

அதே சமயம், சொந்த ஊரில் வீடு கட்ட வருபவரை ஆக்கிரமிப்பாளர் என்று அளக்காமலே ஏசுவதும் நியாயமாகாது. வட்டாட்சியர் உத்தரவிட்டு, நிலத்தின் எல்லை அளவுகளைக் காட்டும் புலப்படத்தையும், அது யாருடையது, என்ன வகை என்று சொல்லும் அ-பதிவேட்டையும் வைத்து, இரு தரப்பும் நிற்க சர்வேயர் அளந்து கல் நடட்டும். கல்லுக்கு உள்ளே, அனுமதி பெற்ற வரைபடப்படி அவர் கட்டட்டும். கழிவுநீர் ஊரணியில் கசியாதபடி செப்டிக் டேங்க்கை மட்டும் தெருப்பக்கம் மாற்றி, குழாயை எடுத்து, வரத்துக்காலையும் வண்டல் குழியையும் பழையபடி திறந்துவிடட்டும். இதை அக்டோபர் 2 கிராம சபையில் தீர்மானமாக எழுதிக்கொள்ளலாம். ஐப்பசி மழைக்கு முன் அளவு முடியும்படி மாவட்ட ஆட்சியர் ஆவன செய்ய வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஊர்வாசி ஒருவர்,
தேவகோட்டை வட்டம்.