அந்த லெட்ஜரை ஒருமுறை திறந்து பாருங்கள்

போக்குவரத்துத் துறையில் முடிவெடுக்கும் பொறுப்பில் இருக்கும் அதிகாரிகளுக்கு, வணக்கம்.

பழைய ஆர்.சி. புத்தகங்களைக் கணினியில் ஏற்றியபோது, இன்ஜினிலும் வண்டிச் சட்டத்திலும் பொறித்த எண்கள் தப்பாகப் பதிவாகிப்போன விவகாரம் உங்களுக்குப் புதிது இல்லை. எங்களைப் போன்றவர்கள் கொடுத்த மனுக்கள் உங்கள் அலுவலகங்களில் கட்டுக் கட்டாகக் கிடக்கும். அதனால் முதலிலிருந்து விளக்கி உங்கள் நேரத்தை வீணாக்க மாட்டேன். போன மாதம் எங்கள் ஊர் ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் என் அப்பாவிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். அதைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை.

எங்களுடையது 1985 மாடல் புல்லட். 346 சி.சி. காஸ்ட் அயர்ன் இன்ஜின், வலது காலில் கியர், இடது காலில் பிரேக். திருவொற்றியூரில் செய்தது. மூன்று எழுத்தும் நான்கு எண்ணும் கொண்ட பழைய நம்பர் பிளேட். அப்பா கால்நடை ஆய்வாளராக இருந்தபோது வாங்கியது. மருந்துப் பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு, வாய்க்கால் கரை, வண்டிப்பாதை என்று பார்க்காமல் முப்பது ஊருக்கு அதில்தான் போய் வந்தார். எத்தனையோ பசுக்கள் இந்த வண்டிச் சத்தத்தைக் கேட்டுத்தான் கன்று போட்டிருக்கின்றன என்று அம்மா சொல்வார்.

பதினைந்து வருடம் முடிந்து 2000-இல் பதிவைப் புதுப்பித்தோம். அப்புறம் சட்டப்படி ஐந்தைந்து வருடத்துக்கு ஒருமுறை: 2005, 2010, 2015. ஒவ்வொரு முறையும் பிரேக் இன்ஸ்பெக்டர் குனிந்து எண்ணைப் பார்த்தார், புத்தகத்தோடு ஒப்பிட்டார், சீல் வைத்துக் கையெழுத்துப் போட்டார். ஒருவர்கூட ஆட்சேபணை சொன்னதில்லை. 2020 தொடக்கத்தில் புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டு கார்டு கொடுத்தார்கள். விவரத்தைக் கணினியில் ஏற்றியவர் இன்ஜின் எண்ணில் இருந்த ஒரு 3-ஐ 8 என்று படித்துவிட்டார். கார்டில் எழுத்து பொடிப்பொடியாக இருந்தது. வீட்டில் யாரும் கவனிக்கவில்லை. அதை நாங்கள் அன்றைக்கே பார்த்திருக்க வேண்டும், ஒப்புக்கொள்கிறேன்.

இப்போது மறுபடியும் புதுப்பிக்கும் முறை. இருபது வருடம் தாண்டிய மோட்டார் சைக்கிளுக்கு 2025 ஆகஸ்டிலிருந்து கட்டணம் 2,000 ரூபாய் என்றார்கள், கட்டினோம். பசுமை வரி, இன்சூரன்ஸ், புகைச் சான்று எல்லாம் கையில் இருந்தன. ஹெட்லைட், ஹாரன், பிரேக் எல்லாம் சரி என்று டிக் போட்டார்கள். பிறகு எண்ணை அச்சு எடுக்கச் சொன்னார்கள்.

களத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இது தெரியும். எண் பொறித்த இடத்தில் மெல்லிய தாளை வைத்து, பென்சிலைப் படுக்க வைத்துத் தேய்க்க வேண்டும். சுற்றிலும் கறுப்பாகி, எண் மட்டும் வெள்ளையாகத் தெரியும். புல்லட்டில் இன்ஜின் எண் இடது பக்கம், சிலிண்டருக்குக் கீழே, கிரான்க்கேஸ் என்கிற இன்ஜின் அடிக்கூட்டில் இருக்கும். நாற்பது வருட எண்ணெய்ப் பிசுக்கு சேர்கிற இடம். முந்தின நாள் ராத்திரியே அப்பா மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, பழைய பல் பிரஷால் ஒவ்வோர் எண்ணின் குழியையும் சுத்தம் செய்து வைத்திருந்தார். அவருக்கு 74 வயது. முழங்காலை மடக்கினால் எழுந்திருக்க இன்னொருவர் கை கொடுக்க வேண்டும். அன்றைக்கு வெயிலில் அப்படி உட்கார்ந்து அவரேதான் அச்சு எடுத்தார். தாளில் 3 தெளிவாக வந்தது. இடப்பக்கம் இரண்டு வாயும் திறந்த 3. எந்தக் கண்ணாலும் அதை 8 என்று படிக்க முடியாது.

தாளை வாங்கிப் பார்த்த இளைஞர் உள்ளே போனார். திரும்பி வந்தார். “சிஸ்டத்துல எட்டு இருக்கு. இன்ஜின் மாத்தியிருக்கீங்களா பெரியவரே? எங்க வாங்கினது இது?”

இதுதான் அந்தக் கேள்வி.

“இல்ல சார். நான் வாங்கின வண்டி சார். இந்த நம்பர் எனக்கு மனப்பாடம்” என்றார் அப்பா. எண்ணை முழுசாகச் சொல்லியும் காட்டினார். அதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை. கார்டுக்கு முந்தைய புத்தகத்தின் ஜெராக்ஸை நான் நீட்டினேன். ஜெராக்ஸ் செல்லாது என்றார்கள். அசல் புத்தகம் எங்கே? உங்களிடம்தான். பதிவு செய்த அன்றைக்கு எழுதிய லெட்ஜர் எங்கே? அதுவும் உங்களிடம்தான், அதே கட்டடத்தின் பின் அறையில். அதைத் திறந்து பார்க்கச் சொன்னேன். “அதெல்லாம் இப்ப எடுக்க முடியாது சார்” என்று பதில் வந்தது.

அப்பா வண்டியை ஸ்டார்ட் செய்யவில்லை. கேட் வரைக்கும் தள்ளிக்கொண்டே போனார்.

அந்த இளைஞர் மேல் எனக்குக் கோபம் இல்லை. திரையில் தெரிவதைத்தான் அவர் நம்ப முடியும், அவருக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். ஆனால் நாற்பது வருடம் ஒரே வண்டி ஓட்டிய மனிதரிடம், நாலு பேர் நிற்கிற இடத்தில், இது திருட்டு இன்ஜினா என்று கேட்பதற்கு முன்னால், இருபதடி தூரத்தில் இருக்கிற பதிவேட்டை ஒருமுறை புரட்டியிருக்கலாம். தப்பாக எழுதியது எங்கள் கை இல்லை. இல்லாத குற்றத்தை இல்லை என்று நிரூபிக்கும் வேலையை மட்டும் எங்கள் தலையில் கட்டியிருக்கிறீர்கள்.

அந்த வேலையையும் செய்தோம். திருட்டுப் புகார் எதுவும் இல்லை என்று காவல் நிலையத்தில் சான்று வாங்கினேன். நோட்டரியிடம் உறுதிமொழிப் பத்திரம் போட்டேன். மூன்று நாள் லீவு போனது. எல்லாவற்றையும் கொண்டுபோய்க் கொடுத்தால், திருத்துவதற்கு மேலிடத்து உத்தரவு வேண்டும் என்கிறார்கள். அந்த மேலிடம் நீங்கள்தான். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். லெட்ஜரைத் திறந்து பார்க்கச் சொல்லி ஓர் உத்தரவு போடுங்கள்.

வாசலில் டீக்கடைப் பக்கம் நின்ற புரோக்கர் ஒருவர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்: “எதுக்கு சார் அலையுறீங்க? எடைக்குப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்க. இதே மாதிரியே வருது, செல்ஃப் ஸ்டார்ட்டோட.” வருகிறது, உண்மைதான். பழைய பாணியில் செய்த புது வண்டிகள் நன்றாகவே ஓடுகின்றன. ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய வண்டிக்காரர்களான எங்களோடு அணைக்கரை வரை வருகிற பையன்களில் பாதிப் பேர் அதில்தான் வருகிறார்கள். அவர்கள் ஆசைப்பட்டு வாங்கிய அந்த வடிவம் எங்கிருந்து வந்தது? 1955-இல் சென்னையில் என்ஃபீல்டு கம்பெனி தொடங்கி, முதலில் இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்களைப் பூட்டி, பிறகு எல்லாவற்றையும் இங்கேயே செய்யப் பழகிய கைகளிலிருந்து வந்தது. சீமையில் அந்த வண்டி நின்றுபோன பிறகும் திருவொற்றியூரில் நிற்கவில்லை. புதுசை வாங்கலாம். ஆனால் அப்பா ஓட்டிய வண்டி எங்கள் வீட்டில் ஒன்றுதான் இருக்கிறது.

இந்த வண்டியை வைத்திருப்பது என்றால் என்ன என்று கொஞ்சம் சொல்ல அனுமதியுங்கள். வாரம் ஒரு மணி நேரமாவது கீழே உட்கார வேண்டும். பிளக்கில் தீப்பொறி வரவைக்கிற பாயிண்டைக் கழற்றி, எமரித் தாளில் லேசாகத் தேய்த்து, ஃபீலர் கேஜ் வைத்து இடைவெளி பார்க்க வேண்டும். இன்ஜின் ஆறியிருக்கும்போது டேப்பெட் மூடியைத் திறந்து, வால்வைத் திறக்கிற கம்பியான புஷ்ராடை இரண்டு விரலால் சுற்றிப் பார்க்க வேண்டும். சுற்ற வேண்டும், ஆனால் மேலும் கீழும் ஆடக் கூடாது. எத்தனை மி.மீ. என்று நான் கேட்டபோது அப்பா கோபப்பட்டார். “விரல்ல தெரியும்டா.” ஸ்டார்ட் செய்வதிலும் முறை இருக்கிறது. சாவியைப் போட்டு, கிக்கரை மெதுவாக அழுத்தினால் ஆம்பியர் மீட்டரின் முள் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தத்தை வெளியே விடுகிற டீகம்ப்ரஷன் லீவரைப் பிடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் அழுத்த, முள் சட்டென்று நடுவுக்கு வரும். அங்கே நிறுத்தி, லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, ஒரே மிதி. எனக்கு இது கைவர இரண்டு வருடம் ஆனது. என் மகள் ஆறு மாதத்தில் கற்றுக்கொண்டாள். அவளுக்குப் பதினெட்டு முடிந்து லைசென்ஸும் வந்துவிட்டது. தாத்தா வண்டியை ஓட்ட வேண்டும் என்று காத்திருக்கிறாள். வண்டி திண்ணைக்குப் பக்கத்தில் சாக்குப் போர்த்தி நிற்கிறது.

இப்படி இரண்டு முறை சிலிண்டரைக் கடைந்து, பெரிய பிஸ்டன் போட்டு, கிளட்ச் பிளேட் மாற்றி, டேங்குக்கு மூன்று முறை பெயின்ட் அடித்துக் காப்பாற்றிய வண்டி. மாற்றாமல் விட்டது அந்த எண் இருக்கிற கிரான்க்கேஸை மட்டும்தான்.

எங்கள் வட்டத்தில் இன்னொருவர் இருந்தார், யெஸ்டிகாரர். மைசூரில் செய்த, இரட்டை சைலன்ஸர் வைத்த வண்டி. அவருக்கும் இதே சிக்கல். அவருடையது வண்டிச் சட்டத்தில் பொறித்த சேசிஸ் எண், கணினியில் கடைசி இலக்கமே விட்டுப்போயிருந்தது. ஒன்றரை வருடம் அலைந்தார். பக்கவாதம் வந்த மனைவியை வீட்டில் தனியாக விட்டுவிட்டு ஒவ்வொரு முறையும் பஸ் ஏறி வர வேண்டியிருந்தது. கடைசியில் ஒரு நாள் யாரிடமும் சொல்லாமல் பழைய இரும்புக் கடையில் கிலோ கணக்கில் போட்டுவிட்டார். நாங்கள் கேள்விப்பட்டு ஓடியபோது டேங்க் தனியாக, ஃபோர்க் தனியாகக் கிடந்தது. அன்றிலிருந்து அவர் ஞாயிற்றுக்கிழமை வருவதில்லை. ஒரு பதிவேட்டின் ஒரு பக்கத்தைப் புரட்டியிருந்தால் அந்த வண்டி இன்றைக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

விண்டேஜ் வண்டி என்று பதிந்துகொள்ளலாமே என்று சிலர் கேட்கிறார்கள். 2021 விதிப்படி அதற்கு ஐம்பது வயது ஆகியிருக்க வேண்டும். எங்கள் வண்டிக்கு நாற்பது. அப்படியே ஆனாலும் கட்டணம் 20,000 ரூபாய். கண்காட்சிக்கும் பேரணிக்கும் பெட்ரோல் போடவும் ரிப்பேருக்கும் தவிர ரோட்டில் எடுக்கக் கூடாது. எங்களுக்கு அது வேண்டாம். சந்தைக்குப் போக, பால் சொசைட்டிக்குப் போக, மழை விட்ட காலையில் ஆற்றங்கரை வரை ஓட்ட வேண்டும். அதற்கான கட்டணத்தைத்தான் கட்டியிருக்கிறோம்.

பழைய வண்டி என்றாலே புகை என்று ஒரு பேச்சும் இருக்கிறது. 2000 மார்ச்சுக்கு முந்தைய இருசக்கர வண்டிக்கு கார்பன் மோனாக்சைடு 4.5 சதவீதம் வரை இருக்கலாம் என்பது விதி. அதற்குள் இருந்ததால்தான் சான்று கொடுத்திருக்கிறார்கள். அதற்கு மேல் என்ன செய்ய வேண்டும்? பெட்ரோலையும் மாற்றிவிட்டார்கள். இப்போது பங்கில் கிடைப்பது இருபது சதவீதம் எத்தனால் கலந்தது. 2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளை அதற்கேற்றபடி செய்திருக்கிறார்கள். எங்கள் வண்டியின் ரப்பர் ட்யூபும் வாஷரும் அதற்காகச் செய்தவை இல்லை. எத்தனால் ஈரத்தை இழுக்கும், நிற்கிற வண்டியின் டேங்க் உள்ளே துரு ஏறும். ஓட்டவும் விடாமல், நிறுத்தினால் துருப்பிடிக்கிற பெட்ரோலையும் கொடுத்தால் நாங்கள் எங்கே போவது? இப்படி எல்லாப் பக்கமும் கதவை மூடிக்கொண்டே வருகிறீர்கள்.

மன்னிக்க வேண்டும். பெட்ரோல் உங்கள் துறை இல்லை. அந்தக் கோபத்தை உங்கள் மேல் காட்டியது சரியில்லை.

உங்களால் முடிந்ததை மட்டும் கேட்கிறேன். ஒவ்வோர் ஆர்.டி.ஓ. ஆபீஸிலும் மாதத்தில் ஒரு நாள் ஒதுக்குங்கள். எண் மாறிய பழைய வண்டிக்காரர்களை அன்றைக்கு வரச் சொல்லுங்கள். லெட்ஜரை வெளியே எடுங்கள். வண்டியில் உள்ள எண்ணும் லெட்ஜரில் உள்ள எண்ணும் ஒன்றாக இருந்தால் கணினியில் திருத்திக் கொடுங்கள். ஒன்றாக இல்லை என்றால் விசாரியுங்கள், வண்டியைப் பிடித்துக்கூட வையுங்கள், தடுக்க மாட்டோம். ஆனால் லெட்ஜரைத் திறக்காமல் யாரையும் சந்தேகப்படாதீர்கள். சோதனைக்கு எடுத்தால் தயவுசெய்து சொந்தக்காரரையே ஓட்டச் சொல்லுங்கள். பிரேக் என்று நினைத்து வலது காலை அழுத்தினால் இந்த வண்டியில் அது கியர், ஆளுக்கே ஆபத்து.

அன்றைக்கு எடுத்த பென்சில் அச்சையும், 2015 சீல் இருக்கிற பக்கத்தின் நகலையும் இந்த மடலோடு அனுப்பியிருக்கிறேன். எண்ணில் எந்த இடம் என்று சிவப்பு மையில் வட்டம் போட்டது அப்பா. அவரால் இன்னொரு முறை கீழே உட்கார்ந்து அச்சு எடுக்க முடியுமா என்று தெரியவில்லை, அதனால் அந்தத் தாளை மட்டும் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொன்னார். லெட்ஜரை எடுக்கிற நாளைச் சொல்லுங்கள். பின் அறையில் தூசியாக இருக்கும் என்றார்கள். துடைக்கத் துணியோடு நானே வருகிறேன்.

இப்படிக்கு,
மரியாதையுடன்,
ஒரு 1985 புல்லட்காரரின் மகன்