முழுக் கணக்கையும் முடக்குவது எதற்கு?

ஆசிரியருக்கு,

என் தம்பி மகன் தன்னிடமிருந்த கிரிப்டோ எனும் மின்னணு நாணயத்தை ஓர் இணையதளத்தின் வழியாக நேரடியாக இன்னொருவருக்கு விற்றான். வாங்கியவர் யுபிஐ மூலம் 9,000 ரூபாய் அனுப்பினார். பணம் வங்கியில் ஏறியதைப் பார்த்த பிறகே நாணயத்தை விடுவித்தான். பத்து நாள் கழித்து அவனுடைய கணக்கு முடங்கியது. வெளிமாநிலத்தில் யாரிடமோ ஏமாற்றிப் பறித்த பணமாம் அது! பறிகொடுத்தவர் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் கொடுத்த புகார், பணம் போன தடத்தைப் பிடித்து இவனிடம் வந்து நின்றிருக்கிறது. தளத்தில் முறையிட்டால், பரிவர்த்தனை முடிந்துவிட்டது என்று கைகழுவுகிறார்கள்.

பணம் அனுப்பியவரின் பெயரும் தளத்தில் பதிவான பெயரும் வேறு வேறு. அதைக் கவனிக்காதது இவன் தவறுதான். அதற்காகச் சம்பளக் கணக்கு முழுவதையும் பூட்டுவதா? சந்தேகத்துக்குரிய 9,000 ரூபாயை மட்டும் நிறுத்திவைத்தால் போதாதா? கிரிப்டோ லாபத்தில் 30 சதவீத வரி, விற்பனைத் தொகையில் 1 சதவீதப் பிடித்தம் என 2022 முதல் வசூலிக்கும் மத்திய அரசு, இத்தகைய தகராறுகளை விசாரிக்க ஒரு குறைதீர்ப்பாளரையாவது நியமிக்கட்டும்.

- ஒரு வாசகர், ஈரோடு