கன்சல்டன்ட் என்று பெயர் வைத்தால் போதுமா?

ஆசிரியருக்கு,

மாதம் 20,000 ரூபாய்க்கு வேலைக்கு எடுக்கும் ஆளுக்கு நியமன ஆணை தராமல் ‘கன்சல்டன்ட் ஒப்பந்தம்’ என்று எழுதி வாங்கும் வழக்கம் தனியார் பள்ளி, மருத்துவமனை, சிறு ஐ.டி. நிறுவனம் என்று பரவிவிட்டது. காலையில் கைரேகை வைக்க வேண்டும், விடுப்புக்கு மேலாளர் அனுமதி வேண்டும், வேறெங்கும் வேலை பார்க்கக் கூடாது. இவ்வளவும் இருந்தும் வரிக் கணக்கில் அவரைச் சுயதொழில் செய்பவராகக் காட்டுகிறார்கள்.

இதனால் யாருக்கு என்ன நஷ்டம்? (புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் மாறிவிட்டன, பழகிய எண்களிலேயே எழுதுகிறேன்.) ஆண்டுக்கு 2,40,000 ரூபாய் சம்பளம் என்றால் 192ஆம் பிரிவில் (சம்பளத்தில் முன்கூட்டியே வரி பிடிப்பது, அதாவது டிடிஎஸ்) ஒரு ரூபாய்கூடப் பிடிக்க வேண்டியதில்லை. அதையே 194ஜே பிரிவில் தொழில்முறைக் கட்டணம் என்று காட்டினால் 10 சதவீதம், மாதம் 2,000 ரூபாய், பிடிக்கிறார்கள். ‘எனக்கு வரி வராது’ என்று உறுதி கூறும் 15ஜி படிவம் கொடுத்து இதைத் தடுக்க முடியாது. அந்தப் படிவம் செல்லும் பிரிவுகளின் பட்டியலிலேயே 194ஜே இல்லை. ஏப்ரலில் பிடித்த பணம் அடுத்த ஆண்டு கணக்குத் தாக்கல் செய்த பிறகுதான் ரீஃபண்டாக வரும். நிறுவனத்துக்கோ லாபம்: அடிப்படைச் சம்பளம் 15,000 என்று வைத்தால் பிஎஃப் பங்கு 1,800, இஎஸ்ஐ பங்கு 20,000க்கு 3.25 சதவீதமாக 650, ஆக மாதம் 2,450 ரூபாய் மிச்சம். அந்த ஊழியர் குடும்பத்துக்கு மருத்துவக் காப்பே இல்லாமல் போகிறது. 21,000 வரை சம்பளம் வாங்குவோருக்கு இஎஸ்ஐ சட்டம் தந்த உரிமை அது.

ஒப்பந்தத்தில் என்ன பெயர் எழுதியிருக்கிறது என்பது முடிவான சான்று அல்ல. 1956இல் தாரங்கதாரா கெமிக்கல் வொர்க்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சௌராஷ்டிர உப்பளத்தில் உப்பு விளைவிக்கும் அகரியாக்களைத் தொழிலாளர்களே என்று ஏற்றது. அவர்களுக்கு வருகைப் பதிவேடு இல்லை, குறித்த வேலை நேரம் இல்லை. கூலி உப்பின் அளவுக்குத்தான், உதவிக்கு ஆளையும் தாங்களே வைத்துக்கொண்டார்கள். ஆனாலும் வேலையின் மீதான கட்டுப்பாடு நிறுவனத்திடம் இருந்தது. தொழில் தகராறு வழக்குதான், ஆனால் வரி வழக்குகளிலும் இதே அளவுகோல்தான் பேசப்படுகிறது.

உண்மையான கன்சல்டன்ட்டுகளும் உண்டு, மறுக்கவில்லை. புனே ரூபி ஹால் கிளினிக் வழக்கில் 2015இல் மும்பை உயர் நீதிமன்றம், நிலையான தொகை வாங்கிய மருத்துவர்களையும் ஊழியர் அல்ல என்றது. அவர்கள் மருத்துவமனை நேரம் போக வெளியே சொந்தமாக வைத்தியம் பார்க்க முடிந்தது. அலுவலகத்தில் டேட்டா என்ட்ரி செய்பவருக்கு அந்தச் சுதந்திரம் எங்கே இருக்கிறது?

நிறுவனங்களும் இதில் மாட்டிக்கொள்ளலாம். 2025-26இல் 30 லட்சம் வாங்கிய ஒருவருக்குப் புதிய வரிமுறையில், 75,000 நிலைக்கழிவு போக, சம்பள வரி 4,75,800 ரூபாய். 194ஜேயில் பிடித்தது 3 லட்சம். அவர் ஊழியர்தான் என்று அதிகாரி முடிவு செய்தால் குறைவாகப் பிடித்த 1,75,800 ரூபாய்க்கு மாதம் 1 சதவீத வட்டி நிறுவனத்தின் தலையில் விழும். ஊழியரே மீதி வரியைக் கட்டிக் கணக்குக் காட்டியிருந்தாலும் அதுவரைக்குமான வட்டி தப்பாது.

வேலையில் இருப்பவர்கள் ஜூன் காலாண்டு டிடிஎஸ் தாக்கல் முடிந்ததும், ஆகஸ்டிலேயே 26ஏஎஸ் (உங்கள் பேரில் பிடித்த வரியைக் காட்டும் படிவம்) எடுத்துப் பிரிவு எண்ணைப் பார்த்துவிட வேண்டும். 194ஜே என்றிருந்தால் 192க்கு மாற்றச் சொல்லிக் கணக்குப் பிரிவுக்கு மின்னஞ்சலில் எழுதுங்கள், வாய்வார்த்தை போதாது. வருகைப் பதிவு, விடுப்பு அனுமதி மின்னஞ்சல், அடையாள அட்டை நகல் ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். அவர்கள் மாற்றாவிட்டால், ஐடிஆர்-1 என்ற எளிய வரிக்கணக்குப் படிவத்தில் சம்பளம் என்று போட்டு 194ஜே பிடித்தத்தைக் கேட்காதீர்கள். இரண்டும் பொருந்தாமல் குறைபாட்டு நோட்டீஸ் வரும்; சரிசெய்ய 15 நாள்தான் கிடைக்கும். 44ஏடிஏ பிரிவில் காட்டினால் வாங்கியதில் பாதிதான் வரிக்குரிய வருமானம் என்று யாராவது சொன்னால், உங்கள் வேலை அதில் குறிப்பிட்ட தொழில்களில் ஒன்றா என்று முதலில் ஆடிட்டரிடம் கேளுங்கள். மருத்துவம், சட்டம், பொறியியல், கணக்கியல் போன்ற சிலவற்றுக்குத்தான் அது பொருந்தும். அலுவலக எழுத்தருக்குப் பொருந்தாது.

– வரி ஆலோசகர், ஈரோடு