கேமராவை வைத்துவிட்டுக் கரையேறுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆற்று மீன்களை நீருக்கடியில் படமெடுப்பது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். எந்தக் கேமரா நல்லது, எவ்வளவு ஆழத்தில் வைக்கலாம் என்றெல்லாம் விரிவாகச் சொன்னவர், கேமராவை வைத்த பிறகு ஆள் என்ன செய்ய வேண்டும் என்பதை எழுதவில்லை. எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது.

மீனின் உடம்பில் இருபுறமும் ஓடும் பக்கக்கோட்டு உறுப்பு, தண்ணீரின் மெல்லிய அசைவையும் உணர்ந்துவிடும். நாம் காலை வைத்ததுமே அவை ஒதுங்கிவிடுகின்றன. அதனால் கேமராவைக் கல்லோடு சேர்த்துக் கட்டிவிட்டு நான் கரையேறிவிடுவேன். பதிவின் முதல் சில நிமிடங்கள் வெறும் கலங்கல்தான். அது தெளிந்த பிறகு குஞ்சுகள் எட்டிப் பார்க்கும், பிறகு பெரியவை வரும். ஒருமுறை நாற்பது நிமிடம் கழித்து ஆமை ஒன்று வந்து லென்ஸை மூக்கால் தொட்டுவிட்டுப் போனது. பக்கத்தில் நின்றிருந்தால் அது எனக்குக் கிடைத்திருக்காது.

கால் வைக்கும் இடத்தையும் பார்க்க வேண்டும். சால்மன், ட்ரவுட் போன்ற மீன்கள் கூழாங்கற்களுக்கு அடியில்தான் முட்டைகளைப் புதைக்கின்றன. மேலிருந்து பார்த்தால் வெறும் கல்லாகவே தெரியும். நல்ல கோணம் தேடி அதன்மேல் நடந்தால், படமெடுக்கப் போன இனத்தையே மிதித்துவிட்டு வருவோம்.

இரை போட்டு வரவழைப்பதும் எனக்கு உடன்பாடில்லை. ஆய்வாளர்கள் ஒரு கேள்வியோடு, முறைப்படி அதைச் செய்கிறார்கள். நாம் போட்டால் பசித்தவையும் துணிந்தவையும் முன்னால் வந்து நிற்கும், அங்கே இயல்பாக யார் வாழ்கிறார்கள் என்பது தெரியாமல் போகும். இரவில் வெள்ளை விளக்கு போட்டாலும் இதே கதைதான், சில ஓடும், சில மொய்க்கும். அதற்குப் பதில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைப் போடலாமென்றால், தண்ணீர் அதைச் சட்டென்று உறிஞ்சிவிடுவதால் கொஞ்சம் தள்ளியிருப்பதுகூடத் தெரியாது. ஆகவே பகல் வெளிச்சமே போதும் என்பேன்.

நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் 2021 முதல் ஒரு மதகருகே நீருக்கடியில் கேமரா வைத்திருக்கிறார்கள். வசந்தத்தில் ஆற்றில் மேலேறும் மீன்கள் மூடிய கதவுக்கு முன் காத்துக் கிடந்து பறவைகளுக்கு இரையாகின்றன. இணையத்தில் பார்ப்பவர்கள் மீனைக் கண்டதும் ஒரு மணிப் பொத்தானை அழுத்துகிறார்கள், மதகுக் காவலருக்குத் தகவல் போகிறது, கதவு திறக்கிறது. பார்ப்பவர்களில் ஒருவர்கூடத் தண்ணீரில் கால் நனைப்பதில்லை.

கட்டுரையின் அடுத்த பகுதி வருமானால் இவற்றுக்கும் ஒரு பத்தி ஒதுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்