பலகையில் ‘போதும்’ இருக்கிறதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வாய்ப்பேச்சு போதுமான அளவு வராதவர்களுக்கு உதவும் இணையதளங்கள், செயலிகள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல பட்டியல். ஆனால் அத்தனையில் எதை எடுப்பது, எதை விடுவது என்பதற்கு அதில் வழி இல்லை. என் தம்பிக்குப் பெருமூளை வாதம். படங்களும் சொற்களும் உள்ள பலகையைத் தொட்டுக் காட்டியும், பொத்தானை அழுத்தினால் அந்தச் சொல்லை ஒலிக்கும் கருவியை வைத்தும்தான் பேசுகிறான். அதனால் எழுதுகிறேன்.

இலவசப் பலகை ஒன்றைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது தண்ணீர், சாப்பாடு, கழிப்பறை, பந்து. எல்லாம் கேட்டு வாங்குகிற சமாசாரம். மனிதன் கேட்பதற்கு மட்டுமா வாய் திறக்கிறான்? மறுப்பான், குறை சொல்வான், வம்பு இழுப்பான். ஒருமுறை வீட்டுக்கு வந்தவர் ஒருவர், மீசை முளைத்த என் தம்பியைக் கைக்குழந்தையைப் போலக் கொஞ்சிக்கொண்டே இருந்தார். அவன் நிதானமாக விரலை நகர்த்தி மூன்று பொத்தான்களை அழுத்தினான்: ‘நான்’, ‘பெரியவன்’, ‘போதும்’. வந்தவர் அசடு வழிந்தார். எங்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பலகையில் ‘போதும்’ இல்லாமல் இருந்திருந்தால் அவன் பந்து கேட்டிருக்கலாம், அவ்வளவுதான்.

ஆகவே படம் அழகா, குரல் இனிமையா என்பதெல்லாம் அப்புறம். வேண்டாம், நிறுத்து, இன்னும், ஏன், வேறு போன்ற எங்கும் பயன்படும் சொற்கள் முதல் பக்கத்திலேயே இருக்கின்றனவா என்று பாருங்கள். அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் உருவான ‘புராஜெக்ட் கோர்’ இப்படிப்பட்ட 36 சொற்களைத் தேர்ந்து இலவசமாகத் தருகிறது. படங்களுக்கு ஸ்பெயினின் அராகோன் மாநில அரசு நடத்தும் ‘அராசாக்’ என்ற படத் தளம் போதும். ஆயிரக்கணக்கில் இருக்கின்றன, வணிக நோக்கமின்றிப் பயன்படுத்தலாம். ‘சிபோர்டு’ என்ற பலகைச் செயலி உலாவியிலேயே திறக்கும்.

ஒரு எச்சரிக்கை. இந்தப் பலகைகளில் பல ஆங்கில வாக்கிய வரிசையில் அடுக்கப்பட்டவை. நாம் வினையைக் கடைசியில் சொல்பவர்கள். தமிழில் அமைக்கும்போது முதல் நாளே வரிசையை யோசித்துவிடுங்கள். எந்தப் பொத்தான் எங்கே என்பது விரலுக்குப் பழகிய பிறகு இடம் மாற்றினால், தட்டச்சுப் பலகையில் எழுத்துகளைக் கலைத்துப் போட்ட மாதிரிதான்.

பலகையைத் தயாரித்துப் பயன்படுத்துபவர் கையில் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் அதிகம். நாமும் அதைத் தொட்டுத் தொட்டுப் பேச வேண்டும். ‘சாப்பிடப் போகலாம்’ என்று சொல்லும்போதே அந்தப் படங்களையும் காட்ட வேண்டும். பேச்சைக் கேட்காமல் எந்தக் குழந்தை பேசப் பழகியது? அப்புறம், கேள்வி கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். இதுதான் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் கஷ்டம்.

கருவி கொடுத்தால் வருகிற பேச்சும் நின்றுவிடுமோ என்ற பயம் பல பெற்றோருக்கு உண்டு. 2006இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பில், நம்பகமான சான்று கிடைத்த 27 பேரில் ஒருவருக்குக்கூடப் பேச்சு குறையவில்லை. பெரும்பாலானோருக்குக் கொஞ்சமாவது கூடியிருக்கிறது.

காகிதப் பிரதி ஒன்று எப்போதும் இருக்கட்டும். சார்ஜ் தீரும், குளியலறைக்குள் டேப்லெட்டைக் கொண்டுபோக முடியாது. அதைவிட முக்கியம், செயலியில் சேர்த்து வைத்த சொற்களை வெளியே எடுக்க முடிகிறதா என்பது. செயலியை நிறுத்திவிட்டார்கள் என்றால் பல வருட உழைப்பு போய்விடும். ‘ஓபன் போர்டு ஃபார்மட்’ என்ற பொது வடிவத்தில் சேமிக்க வழி இருந்தால் வேறு செயலிக்கு மாற்றிக்கொள்ளலாம்.

கடைசியாக, உங்களிடம் ஒரு கோரிக்கை. அடுத்த முறை இது பற்றி எழுதும்போது, எங்களைப் போன்ற வீட்டாரையும் நிபுணர்களையும் மட்டும் கேட்காமல், கருவியில் பேசுபவர்களையே பேட்டி எடுங்கள். கேள்விகளை முன்கூட்டியே அனுப்பிவிட்டால், அவர்கள் பதில்களைக் கருவியில் முன்பே சேர்த்து வைத்திருப்பார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி