கம்பளி உறைக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

இந்த ஆறு மாதங்களில் நான் எந்த நிலைக்குப் போய்த் திரும்பினேன் என்பதை நீங்கள் அருகிலிருந்து பார்த்தீர்கள். அதை மீண்டும் எழுத மனம் வரவில்லை. நேற்று என் வைரல் லோடு, அதாவது இரத்தத்தில் எச்.ஐ.வி. கிருமி எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் சோதனையின் முடிவு வந்தது. கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டது என்று ஆலோசகர் வாசித்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை. இந்த நிலை நீடிக்கும்வரை உடலுறவின் வழியே என்னிடமிருந்து எவருக்கும் தொற்றாது என்பதை இருமுறை சொல்லச் சொல்லிக் கேட்டேன்.

பாலியல் தொழிலாளர்களான எங்கள் குழுவின் களப்பணியாளர் அக்காவுக்கே முதல் நன்றி. மாத்திரை தொடங்கியபோது வந்த குமட்டல் சில நாட்களில் அடங்கிவிட்டது. அடங்காமல் என்னை வாட்டியது மாத்திரை டப்பாவின் சத்தம். கோத்தகிரிப் பேருந்து வளைவுகளில் திரும்பும்போதெல்லாம் முப்பது மாத்திரைகளும் பைக்குள் கலகலக்கும், பக்கத்தில் இருப்பவர் திரும்பிப் பார்ப்பார். வேறு டப்பாவுக்கு மாற்றினால் மலை ஈரத்தில் மருந்து கெடும் என்பதால் அதற்கும் வழியில்லை. இதை அக்காவிடம் மட்டுமே சொன்னேன். அவர் அறிவுரை எதுவும் கூறவில்லை. அடுத்த முறை மார்க்கெட் வாசலில் மருந்தைக் கொடுத்தபோது, மாத்திரைகளின் மேல் பஞ்சு வைத்து, தம் மகளின் பழைய ஸ்வெட்டர் கையை வெட்டித் தைத்த உறைக்குள் டப்பாவை வைத்திருந்தார். குலுக்கினேன், ஓசையே இல்லை. தம் மாத்திரையையும் இப்படித்தான் கொண்டு செல்வதாக அப்போதுதான் சொன்னார். அன்றிரவு முதல் ஒரு நாளும் நான் தவறவிடவில்லை.

பெயரை உரக்கக் கூப்பிடாத செவிலியர், எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையத்தின் ஆலோசகர், மண் சரிந்து பாதை அடைபட்ட வாரத்தில் மருந்தைக் குன்னூரிலிருந்து எடுத்து வந்த ஓட்டுநர், பேருந்துக் காசு திரட்டிய தோழியர் அனைவருக்கும் என் வணக்கம்.

1986-இல் இந்தியாவில் இக்கிருமி முதன்முதலாகக் கண்டறியப்பட்டது சென்னையில், எங்கள் தொழிலில் இருந்த பெண்களின் இரத்தத்தில். அன்று முதல் பழி மட்டும் எங்களைத் தேடி வந்தது. அரசு இலவச மருந்து தரத் தொடங்கியது 2004-இல். அந்த மருந்து என் வாசல்வரை வந்து சேர எங்களில் ஒருத்தியின் கை வேண்டியிருந்தது.

புதிதாகச் சேர்ந்த இரண்டு தங்கைகளுக்கு அடுத்த மாத மருந்தை நானே கொண்டு செல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். பழைய ஸ்வெட்டர் ஒன்றைத் துவைத்துக் காயப் போட்டிருக்கிறேன்.