போன் சிஸ்டம் மாற்றப்போகும் புறக்கோட்டை முதலாளிமாருக்கு

செட்டியார் தெரு, கெய்சர் வீதி வர்த்தகர்களுக்கு வணக்கம்.

கடைகளுக்கு இன்டர்நெட் போன் பூட்டிக் கொடுப்பது என் தொழில். இப்போது உங்களில் பலர் ஒரு கம்பனியை விட்டு இன்னொன்றுக்குப் போகிறீர்கள். விற்க வருகிறவர் மாதக் கட்டணத்தைக் காட்டுவார். கடைக்கு வரும் அழைப்பை வீட்டிலிருந்தே எடுக்கலாம் என்பார். எல்லாம் சரி. நீங்கள் ஒன்று கேளுங்கள்: நாளைக்கு உங்களையும் விட்டுப் போனால் என்னோடு எது வரும்?

பெரிய விஷயம் உங்கள் தொலைபேசி இலக்கம். கொழும்பில் 011க்கு அடுத்த எண்ணே அது எந்தக் கம்பனி கொடுத்தது என்று காட்டிவிடும். பெயர்ப்பலகையிலும் பில் புத்தகத்திலும் இருப்பது இந்த இலக்கம். யாழ்ப்பாணத்து வாடிக்கையாளர் மனப்பாடமாக வைத்திருப்பதும் அதுதான். புதிய சிஸ்டத்துக்கு அது வருமா என்று எழுத்தில் வாங்குங்கள். வராது என்றால் பழைய லைனை வெட்டாதீர்கள். அழைப்புகளைப் புதிய இலக்கத்துக்குத் திருப்பிவிடலாம், ஆனால் திருப்பும் அழைப்புக்கு உங்களுக்கே பில் வரும். கேட்வே என்ற சின்னப் பெட்டியை வைத்துப் பழைய லைனையே புதிய சிஸ்டத்தில் சேர்த்துவிடலாம். நான் இதைத்தான் செய்வேன்.

மேசைப் போன்களைத் தூக்கிப் போடச் சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். பெரும்பாலானவை எஸ்ஐபி என்ற பொது முறையில் இயங்குபவை, எங்கும் வேலை செய்யும். பழைய கம்பனி பூட்டு போட்டிருந்தால்தான் சிக்கல். கணக்கை மூடுமுன் திறந்து தரச் சொல்லுங்கள். பதிவு செய்த அழைப்புகளையும் அப்போதே இறக்கிக்கொள்ளுங்கள்.

பெரிய இன்டர்நெட் பக்கேஜ் தேவையில்லை. ஒரு அழைப்பு ஒரு பக்கத்துக்கு வினாடிக்கு 100 கிலோபிட்டைத் தாண்டாது, பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் போகவும் வரவும் 1 மெகாபிட் வீதம் போதும். ஒருவர் குரல் மட்டும் கேட்டு மற்றவர் குரல் கேட்காவிட்டால், ரவுட்டரில் எஸ்ஐபி ஏஎல்ஜி என்ற செட்டிங்கை நிறுத்திப் பாருங்கள். முக்கால்வாசி அங்கேதான் கோளாறு.

செப்புக் கம்பி லைனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே மின்சாரம் வந்தது. இன்டர்நெட் போனுக்கு அப்படியில்லை. 2022இல் நாளுக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் போனதை மறந்திருக்க மாட்டீர்கள். போனுக்கு மட்டுமல்ல, ரவுட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் யூபிஎஸ் வேண்டும்.

அப்புறம், மாற்றும் நாள். தீபாவளி வியாபாரத்துக்குள் வேண்டாம். ஞாயிறு கடை சும்மா இருக்கும், ஆனால் அன்று அவர்களுடைய ஆட்களைப் பிடிக்க முடியாது. செவ்வாய் ஆகாது என்பீர்கள். சரி, புதன் மாலை வையுங்கள், பழையதை இன்னும் ஒரு மாதத்துக்கு ஓடவிடுங்கள்.

இப்படிக்கு,
போன் பூட்டும் ஒருவன், கொட்டாஞ்சேனை